பதினேழாம் நம்பருக்குச் சொல்லாத டோன்

வெர்னா ஹுடாக் கையில் ஒரு பழைய ரிசீவரைக் கொடுத்தால் முதலில் அதை முகர்ந்து பார்ப்பாள். எரிந்த வாசனை வந்தால் வேண்டாம் என்பாள். வராவிட்டாலும் வந்த மாதிரி முகத்தைச் சுளிப்பாள். கொடுத்தவன் வெட்கப்பட்டு, சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவான். மோர்லாண்ட் மாதிரி நிலக்கரி ஊரில் வெட்கம் என்பது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்த காலம் அது.

அவள் ரேடியோவுக்குப் படித்தவள் இல்லை. காமெட் டாக்ஸி கம்பெனியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், இருபத்திரண்டு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து பதினோரு வண்டிகளை ஊர் முழுக்க விரட்டிக்கொண்டிருந்தவள். செட்டு ரிப்பேர் ஆனால் வெளியூர் மெக்கானிக் வர மூன்று நாள் ஆகும். மூன்று நாள் சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. அப்படித்தான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தாள்.

சுரங்கம் மூடியது. சட்டைத் தொழிற்சாலை மூடியது. டாக்ஸியில் போக ஆளும் இல்லை, போய்ச் சேர இடமும் இல்லை. காமெட்டும் மூடியது. வண்டிகளின் டிக்கியிலிருந்து கழற்றிய ரேடியோக்களைக் கதவோரம் குவித்து, பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தான். அதற்குள் ஏழு செட்டுகள் வெர்னாவின் வேனில் ஏறிவிட்டன. அதே மாதம்தான் அவள் புருஷன் ஃப்ளோரிடாவுக்குப் போனான், தனியாக இல்லை. வீட்டில் அவன் நாற்காலி இருந்த இடத்தில் ஏழு செட்டுகளும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துகொண்டன.

மலைக்கும் மலைக்கும் நடுவே குழியில் கிடக்கிற ஊர் மோர்லாண்ட். ஒரு பள்ளத்திலிருந்து பேசினால் அடுத்த பள்ளத்துக்குக் கேட்காது. உச்சியில் ஒரு பெட்டி வேண்டும். அதில் ஒரு ரிசீவர் கீழே பேசுவதைக் கேட்கும். பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்மிட்டர் அதையே வேறு அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். அதுதான் ரிப்பீட்டர். ஊர் அமெச்சூர் ரேடியோ கிளப்பில் வெர்னாவையும் சேர்த்துப் பதினான்கு பேர் இருந்தும் அப்படி ஒன்று இல்லை. கடையில் வாங்கிய பளபளப்பான செட்டை ஒருமுறை உச்சியில் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்து டவர்களின் இரைச்சலில் அதற்குக் காது அடைத்துவிட்டது. டாக்ஸி ரிசீவர் அப்படியில்லை. ஆம்புலன்ஸ், போலீஸ், பால்வண்டி எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினாலும் தன் ஆளின் குரலை மட்டும் பிரித்துக் கேட்டே வளர்ந்த சாதி அது.

வெர்னா அலைவரிசையைத் தீர்மானிக்கிற புதுக் கிரிஸ்டலுக்கு எழுதிப்போட்டு ஆறு வாரம் காத்திருந்தாள். ரிசீவரின் சுருள்களுக்குள் திருகுகிற சின்ன உருளைகளைத் தொழிற்சாலையில் மெழுகு விட்டு இறுக்கியிருந்தார்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் உடைந்துபோகும். தலைமுடி உலர்த்துகிற மெஷினால் மெழுகை இளக்கி, பிளாஸ்டிக் குச்சியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். சட்டைத் தொழிற்சாலையில் யாரோ மதியச் சாப்பாடு பூட்டிவைத்த இரும்பு அலமாரிக்குள் எல்லாவற்றையும் அடைத்து, டாமராக் மலையில் காட்டுத்தீ பார்க்கிற கொட்டகையில் நிறுத்தினாள். மூன்று பள்ளத்தாக்குகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. பேசியதென்னவோ பெரும்பாலும் முட்டைக்கோசு நூடுல்ஸும் மூட்டு வலியும்தான். அதற்கும் ஒரு வசதி வேண்டியிருந்தது.

ஒருவர் பேசி முடித்த பிறகு அந்தப் பெட்டி உடனே வாயை மூடாது. நாலைந்து வினாடி வெறும் இரைச்சலோடு திறந்திருக்கும். கிளப்பில் அதற்கு வால் என்று பேர். பட்டனை விட்டதும் வால் கேட்டால் உன் பேச்சு மேலே போயிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது ஸ்டஷ் கமின்ஸ்கி.

காமெட்டில் பதினேழாம் நம்பர் வண்டி ஓட்டியவன். பதினோரு வண்டிக்கு ஏன் பதினேழாம் நம்பர் என்று கேட்டால், கம்பெனி பெரிதாகத் தெரிய முதலாளி நடுவில் நம்பர்களை முழுங்கிவிட்டார். இன்றைக்கும் அவன் வெர்னாவை, டாக்ஸி ரேடியோவில் தலைமை அறையைக் கூப்பிடுகிற மாதிரி, பேஸ் என்றுதான் கூப்பிடுவான். அவள் அவனைப் பதினேழு என்பாள். அந்த அறையிலும் அந்த வண்டியிலுமாக அவர்கள் ஒருவரை ஒருவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கனவான் ஒருவர் காத்திருக்கிறார் என்று ஒருநாள் அவனை அனுப்பினாள். போய்ப் பார்த்தால் கூண்டில் பன்னிரண்டு கோழி. அவன் கோழிகளைப் பின்சீட்டில் ஏற்றி, ஊர் சுற்றி, நேராக அவள் அறைக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டான்.

டாக்ஸி போனபின் அவன் வீடுகளுக்குச் சூடேற்றும் எண்ணெய் போடுகிற லாரி ஓட்டினான். வெர்னாதான் பிடிவாதம் பிடித்து அவனை ரேடியோ லைசென்ஸ் பரீட்சை எழுத வைத்தாள். அவனுடைய அதே பழைய பதினேழாம் நம்பர் செட்டை மாற்றியமைத்து லாரியில் பொருத்திக் கொடுத்தாள். கொடுத்த மூன்றாம் வாரம் வாத்து வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரேடியோவிலேயே கிளப்பின் ஆஜர் எடுப்பு. தலைவர் கோமர் ப்ரோசர், ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். "மோர்லாண்ட் அமெச்சூர் ரேடியோ கிளப்பின் சார்பாக அனைவருக்கும்..."

"க்வாக்."

"யாரது?"

பதில் வராது. அவர் மறுபடி ஆரம்பிப்பார். சரியாக "அனைவருக்கும்" என்ற இடத்தில் மறுபடி க்வாக். இப்படி ஏழு வாரம்.

வாத்து யாரென்று பதின்மூன்று பேருக்குத் தெரியாது. வெர்னாவுக்கு முதல் நாளே தெரியும். பதினேழாம் நம்பர் செட்டின் கிரிஸ்டல் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு துளி கீழே இருக்கும். அவள் மேஜையிலிருந்த மீட்டரில் அந்த வாத்தும் அதே துளி கீழேயே கத்தியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் காபியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டே ரேடியோவைப் போடுவாள். சிரித்தால் மேஜையில் சிந்தும்.

பிப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை, தீயணைப்பு மண்டபத்தில் கூட்டம். ப்ரோசர் நின்றுகொண்டே பேசினார். ரொம்பக் கோபத்தில்தான் அவர் நிற்பார்.

"இதுக்கு ஒரு முடிவு கட்டணும். அது வாத்தா மனுஷனான்னுகூட எனக்கு அக்கறை இல்ல."

"பூட்டு போடலாம்," என்றாள் வெர்னா. "டாக்ஸி ரிசீவர்லயே இருக்கு. நான்தான் கழட்டி வச்சேன்."

அது விரல் நீளத் தகர டப்பா. உள்ளே மெல்லிய உலோக நாக்கு ஒன்று. ஒரே ஒரு ரீங்காரத்துக்கு மட்டும்தான் அது அசையும். பேசுகிறவன் செட்டு அந்த ரீங்காரத்தைக் குரலுக்கு அடியில் சேர்த்து அனுப்பினால் ரிசீவர் கதவைத் திறக்கும். இல்லாவிட்டால் எவ்வளவு கத்தினாலும் திறக்காது. மனிதக் காதுக்கு அது தெரியாது. டோன் என்பார்கள். பக்கத்து மாவட்ட டாக்ஸிக்காரர்களின் வண்டவாளம் தன் அறையில் கேட்காமலிருக்க காமெட் அந்தக் காலத்தில் போட்டுவைத்தது.

எல்லோரும் செவ்வாய்க்கிழமைக்குள் தங்கள் செட்டில் டோன் அனுப்பும் சின்ன சர்க்யூட் பலகையைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. அன்றைக்கு ஸ்டஷ் வரவில்லை. மாதா கோவில் பிங்கோ ஆட்டத்தில் நம்பர் கூவப் போயிருந்தான்.

"கமின்ஸ்கிக்கு யார் சொல்றது?" என்றார் ப்ரோசர்.

"நான் சொல்லிக்கிறேன்," என்றாள் வெர்னா.

அவனுக்கான பலகையை அன்றே சாலிடர் வைத்துச் செய்துவிட்டாள். ஓர் உறையில் போட்டு மேலே 17 என்று எழுதி, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மலையேறிப் பூட்டைப் போட்டாள். உறையைக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் பட்டனை அழுத்தி அழுத்தி வெறும் காற்றுக்கு வாத்தாகக் கத்தட்டும். சாயங்காலம் உறையை அவன் வாசலில் வைத்து, "வாத்துக்குத் தொண்டை கட்டிக்கிச்சாமே" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். கோழிக் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. "அனைவருக்கும் காலை வணக்கம்," என்று ப்ரோசர் ஏழு வாரத்தில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முடித்தார். முடித்த சந்தோஷத்தில் இன்னும் நிறையப் பேசினார். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு யார் உருளைக்கிழங்கு உரிப்பது என்பதில் மட்டும் அரைமணி நேரம் போனது. வெர்னா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். லாரிக்குள் ஸ்டஷ் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

ஸ்டஷின் லாரி ஒன்பதே முக்காலுக்கே டாமராக் சரிவில் பனிக்கட்டியில் வழுக்கி, ஓடைப்பக்கம் கவிழ்ந்துவிட்டிருந்தது. மூன்று மணிக்குச் சற்று முன்னால்தான் சாலையில் பனி தள்ளுகிறவன் எண்ணெய் வாசனை பிடித்துக் கீழே எட்டிப்பார்த்தான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் ஒருவேளை, என்றார் டாக்டர். அந்த "ஒருவேளை"க்கு அப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை.

வெர்னா ப்ரோசருக்குப் போன் செய்தாள்.

"அவன்கிட்ட நான் சொல்லவே இல்ல."

மறுமுனையில் ப்ரோசர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆன்டெனா மேல பனி," என்றார் ப்ரோசர்.

"என்னது?"

"ஆன்டெனா மேல பனி உறைஞ்சிருந்துது. பெட்டி வேலை செய்யல. யாருக்கும் எதுவும் கேக்கல. அவ்வளவுதான் விஷயம், வெர்னா. நீ சொன்னா அவனுக்கு என்ன, கால் முளைக்கப் போகுதா?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது என்பதுதான் வெட்கக்கேடு. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த வாக்கியத்தைக் காரிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆன்டெனா மேல பனி. நன்றாகத்தான் வந்தது.

ஸ்டஷ் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருந்தது. அவள் அதைப் பார்க்காமலிருக்க மேஜையில் இருந்த பழங்களை எண்ணினாள்.

"பதினேழு."

"வா, பேஸ்." திரும்பவில்லை. "உருளைக்கிழங்கை யார் உரிச்சாங்க கடைசியில?"

வெர்னா பழங்களை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"எல்லாத்தையும் கேட்டுட்டுதான் கிடந்தேன்," என்றான். "செட்டு நல்லா வேலை செஞ்சுது. நீ பண்ணினதாச்சே. ப்ரோசர் பேசினது, அந்த ரெண்டு பேர் உருளைக்கிழங்குக்கு அடிச்சுக்கிட்டது, ஒரு வார்த்த விடல. நடுநடுவுல நான் கூப்பிட்டேன். கவுந்துட்டேன், கால் மாட்டிக்கிச்சு, டாமராக் சரிவுன்னு. பட்டனை விடுவேன். வால் கேக்கும். சரி, போய்ச் சேந்துடுச்சுன்னு நினைப்பேன். அடுத்த ஆளு உருளைக்கிழங்கப் பத்திப் பேசுவான்."

அந்த வால் அவனுடையதில்லை. அவனுக்கு முன்னால் பேசியவரின் வால். இவன் அவசரத்தில் அந்த நாலு வினாடிக்குள் புகுந்து புகுந்து கூப்பிட்டிருக்கிறான். விட்டதும் காதில் விழுந்த இரைச்சலைத் தன் வால் என்று நினைத்திருக்கிறான். அதை வெர்னா உடனே புரிந்துகொண்டாள். ஊரில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

"அப்புறம்தான் விளங்குச்சு," என்றான். "வாத்துதானே, மறுபடி ஏதோ கூத்துன்னு விட்டுட்டாங்க. சரிதான். ஏழு வாரம் கத்தினவன் கத்துறான், யார் நம்புவா. ஆனா நீ நம்புவேன்னு நினைச்சேன். உனக்கு என் குரல் தெரியும்னு."

ஆன்டெனா மேல பனி என்று சொல்ல இனி வழியே இல்லை. எல்லாம் வேலை செய்ததைத்தான் அவன் கேட்டுக்கொண்டு கிடந்தானே. இருந்தும் உண்மை வாய்வரை வந்து பல்லில் முட்டி நின்றுவிட்டது. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். வெர்னா அதற்காக அவளுக்கு நன்றிகூடச் சொன்னாள். காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போடாமல் ரொம்ப நேரம் இருந்தாள். கோட்டுப் பையில் உறை இருந்தது. அதை எடுத்து முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். பிறகு மறுபடி பையிலேயே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ப்ரோசர் போன் செய்தார். அவர் குரல் வழக்கம்போல இல்லை.

"பாக்கப் போனேன். சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். கூட்டமா போனாங்க, கேக் கொண்டு போனாங்க, எல்லாருக்கும் அதே கதிதான். அவன் பொண்டாட்டி டாலி வெளியில வந்து சொல்றா, கிளப்பு ஆளுங்க யாரும் வரவேணாம்கிறாராம். லாரி ரேடியோவ விக்கச் சொல்லிட்டாராம். என்ன ஆச்சு அவனுக்கு? நாம என்ன பண்ணினோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல," என்றாள் வெர்னா.

போனை வைத்தபின் அந்தச் சொற்கள் அவளிடமே நின்றன. நீங்க ஒண்ணும் பண்ணல. இதை அவன் அல்லவா கேட்க வேண்டும். கால் போனது ஒரு பக்கம். பதின்மூன்று பேரும் தன் கதறலைக் கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு பேசினார்கள் என்று அவன் மிச்ச வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டு நடக்கப் போகிறான், அதுவும் ஒற்றைக் காலில். அந்த நினைப்பை எடுத்துவிட ஊரிலேயே ஒரு ஆளால்தான் முடியும். எடுத்தால் அந்த ஆளுக்கு அவன் மிஞ்சமாட்டான். வெர்னாவுக்கு மோர்லாண்டில் அவனை விட்டால் சிரிக்க வேறு யாரும் கிடையாது.

திங்கட்கிழமை காலை, பார்வையாளர் நேரம் தொடங்கியதும் உள்ளே போனாள். உட்காரவில்லை. உறையைப் போர்வை மேல் வைத்தாள்.

"என்ன இது?"

"டோன் பலகை. உனக்குச் செஞ்சது. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளியே செஞ்சது."

அவன் உறையைப் பிரித்தான். டாக்ஸியில் எத்தனை வருஷம். அந்தப் பலகை எதற்கென்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உறைமேல் எழுதிய நம்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரிப்பீட்டருக்குப் பூட்டு போட்டியா?"

"சனிக்கிழமை போட்டேன். எல்லாருக்கும் சொல்லியாச்சு. உனக்குச் சொல்றது என் வேலை. நான் சொல்லல. நீ ஒருநாள் வெறுமனே கத்தட்டும்னு விட்டேன். வாத்து நீதான்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

"வால் கேட்டுதே."

"அது அவங்க வால்."

ஹீட்டர் குழாய் எங்கேயோ டக் டக்கென்று அடித்துக்கொண்டது.

"அப்ப யாருக்கும் கேக்கல," என்றான்.

"யாருக்கும் கேக்கல."

"ப்ரோசருக்கு?"

"யாருக்குமே. கேட்டிருந்தா அந்தக் கிழவர் செருப்பில்லாமயே மலையேறியிருப்பார். உனக்கே தெரியும்."

ஸ்டஷ் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானோ என்று அவள் பயப்படுகிற அளவுக்கு மூடியிருந்தான்.

"ஆறு நாளா ஒவ்வொருத்தனையா உள்ளுக்குள்ள திட்டிட்டிருக்கேன்," என்றான் கடைசியில். "பேர் பேரா. ப்ரோசரோட அம்மாவக்கூட விடல. இப்ப எல்லாத்தையும் திரும்ப வாங்கணும்."

"என் பேருக்கு மாத்திடு."

"அதத்தான் பண்ணிட்டிருக்கேன். பேசாம இரு."

அவள் பேசாமல் இருந்தாள். அவன் முகம் மெல்ல மெல்ல எதையோ கீழே இறக்கி வைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அவள் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். எதிர்பார்த்து வந்தால் வலி குறையும் என்று நினைத்தது தப்புக்கணக்கு.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு டாலி வந்தாள். இரண்டு கையிலும் காகிதக் கோப்பை. வெர்னாவின் காரைக் கீழே பார்த்து அவளுக்கும் ஒன்று வாங்கியிருந்தாள்.

"இவகிட்ட நீயே சொல்லு," என்றான் ஸ்டஷ். "நான் சொல்லமாட்டேன்."

"என்ன சொல்லணும்?" என்றாள் டாலி.

வெர்னா ஆரம்பித்தாள். ரிசீவரில் ஒரு தகர டப்பா, அதில் ஒரு நாக்கு, குரலுக்கு அடியில் ஒரு ரீங்காரம் என்று போய்க்கொண்டேயிருந்தது பேச்சு. அவளுக்கே தெரிந்தது, சுற்றிச் சுற்றித் தப்பிக்கப் பார்க்கிறோம் என்று.

"எனக்கு ரேடியோ தெரியாது வெர்னா," என்றாள் டாலி. "மனுஷங்க பேசுற மாதிரி பேசு."

"கதவைப் பூட்டினேன், டாலி. எல்லார்கிட்டயும் சாவி கொடுத்தேன். இவனுக்கு மட்டும் கொடுக்கல. விளையாட்டுக்கு. அவன் கூப்பிட்டது அதனாலதான் யாருக்கும் கேக்கல."

டாலி புருஷனைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையை அசைத்தான். அவள் ஒரு கோப்பையை அவன் மேஜையில் வைத்தாள். இன்னொன்றை வெர்னாவிடம் நீட்டவில்லை, கீழேயும் வைக்கவில்லை. நின்றபடியே, ஆவி பறக்கப் பறக்க, தானே குடிக்க ஆரம்பித்தாள். உதடு சுட்டிருக்க வேண்டும். பாதி குடித்ததும் நிறுத்தினாள்.

"அஞ்சு மணி நேரம்," என்றாள்.

"ஆமா."

"இவரு திரும்பி வரலன்னா இத நீ என்கிட்ட சொல்லியிருப்பியா?"

வெர்னா யோசித்தாள். ஆமாம் என்று சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

"தெரியல," என்றாள்.

டாலி மீதிக் காபியையும் குடித்தாள். கோப்பையைக் கசக்கி, ரொம்பப் பொறுமையாகக் கசக்கி, குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்து, தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

"அடுத்த திங்கக்கிழமையிலிருந்து நடக்கப் பழக்கப் போறாங்களாம். வாரத்துக்கு மூணு நாள், நாப்பது மைல் போகணும். எனக்கு ஷிப்ட் இருக்கு. என்னால முடியாது." சீட்டை வெர்னாவின் கையில் திணித்தாள். "எட்டு மணிக்கு வண்டியோட வாசல்ல நில்லு. என்கிட்ட பேச்சு வச்சுக்காதே. இவருக்கு இஷ்டம்னா இவர் பேசட்டும், இல்லன்னா சும்மா ஓட்டு."

"எவ்வளவு நாளைக்கு?"

"போட்டிருக்கில்ல, பாரு."

சீட்டில் எட்டு மாதம் என்று போட்டிருந்தது.